ஊருணியும் செங்காவி வட்டங்களும்

உங்கள் புதிய கேள்விப் படிவத்தை அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்கள் அம்மா" என்று எழுதியிருந்தீர்கள். பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. என் காலத்துப் படிவங்களைவிட நூறு மடங்கு மேல். பதினெட்டாம் கேள்வியை இரண்டாகப் பிரித்தால் பதில் சொல்கிறவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குள் எவ்வளவு தூரம் போகப்போகிறீர்கள் என்பதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதற்கு நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகிவிட்டது, இனி என் மானம் போய் யாருக்கு என்ன நஷ்டம்?

யுத்தம் முடிந்திராத வருஷங்கள். பஸ் கரியில் ஓடிய காலம். விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். அந்தத் துறையில் நான் ஒருத்திதான் பெண். அதனாலேயே என்னைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். வீட்டுக்குள் போய்ப் பெண்களிடம் பேச ஆள் வேண்டும் அல்லவா? அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வரை பஸ், அதற்கப்புறம் மாட்டு வண்டி. பரளச்சிப் பக்கத்தில் ஒரு ஊர். பெயரைக் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் பின்னறையில் தங்கியிருந்தேன். அதனால் ஊருக்கு நான் "டீச்சரம்மா" ஆகிவிட்டேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆராய்ச்சி நரம்புச் சிலந்தியைப் பற்றியது. நீங்கள் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்திருப்பீர்கள். கோடையில் காலில் ஒரு கொப்புளம் வரும். அது உடைந்து, நூல் போல ஒரு வெள்ளைப் புழு தலைநீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி நாளுக்கு ஒரு விரற்கடையாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் வீங்கி ஆள் படுத்துவிடுவார். கொப்புளம் நெருப்பாய் எரியும், தண்ணீரில் காலை வைத்தால் சுகமாக இருக்கும். அதற்காகத்தான் புழுவும் காத்திருக்கிறது. கால் நனைந்ததும் தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கொட்டிவிடும். அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கிறவருக்கு அடுத்த கோடையில் கொப்புளம்.

அந்த ஊரில் குடிதண்ணீருக்கு ஒரே ஊருணி. கிணறுகள் இருந்தன, எல்லாம் உப்பு. வடக்குத் தெருவில் நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். கிழக்குத் தெருவில் அந்த நிலத்துக்குக் கூலிக்குப் போனவர்களும் சுண்ணாம்பு சுடும் காளவாசலில் வேலை பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். ஊருணி இரண்டு தெருவுக்கும் பொது, துறைகள்தான் வேறு வேறு. வடக்குத் துறையில் கிழக்குத் தெருக் கால் படாது. ஆனால் எந்தத் துறையில் இறங்கினாலும் ஒரு வழக்கம் பொதுவாக இருந்தது. படியில் இறங்கியதும் முதலில் இரண்டு காலையும் நனைத்துத் தெருப் புழுதியைப் போக்குவார்கள், அப்புறம்தான் குடத்தை முக்குவார்கள். புழுதிக் காலோடு தண்ணீர் மோந்தால் ஊருணிக்கு மரியாதைக் குறைவாம். அந்த மரியாதைதான் வருஷா வருஷம் புழுவை வளர்த்துக்கொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியருக்கு எட்டுப் பக்கம் கடிதம் எழுதினேன். கால் வழியாகத்தான் நோய் பரவுகிறது என்று ஊரில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

இனி என் தப்பு. கிழக்குத் தெருவில் நான் வீடு வீடாக உள்ளே நுழைந்தேன். யாரையும் கேட்கவில்லை. "காலைக் காட்டு" என்றேன், காட்டினார்கள். வடக்குத் தெருவில் வாசலில் நின்றேன். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். "நம்ம வீட்ல அந்தச் சீக்கெல்லாம் கெடையாதும்மா" என்று ஆண்கள் சொன்னார்கள். "இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன். மோர் நன்றாக இருந்தது.

மறு மாதமும் அதே நோயாளிகளைப் பார்க்க வேண்டும். ஊரில் கதவிலக்கம் கிடையாது. அதனால் செங்காவியைக் குழைத்து, புழு கண்ட வீடுகளின் வாசற்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு வட்டம் போட்டேன். மழைக்கும் அழியாதபடி நன்றாகவே போட்டேன். வட்டங்கள் எல்லாம் கிழக்குத் தெருவில் விழுந்தன. அது எனக்கு வித்தியாசமாகக்கூடத் தோன்றவில்லை.

வடக்குத் தெருவில் ஒன்று விழுந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம், ஊர் கண் அசரும் நேரத்தில், பள்ளிக்கூடத்தின் பின்வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஊர் நாட்டாமையின் மருமகள் குருவம்மா. இருபது வயது இருக்கும். சேலையைக் கணுக்காலுக்குமேல் தூக்கிக் கட்டை அவிழ்த்தாள். புழு இரண்டு விரற்கடை வெளியே வந்திருந்தது.

"முள்ளு குத்துனதுன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "கலியாணமாகி மூணு வருசமாச்சு. வயித்துல ஒண்ணும் தங்கல. இப்ப இதுவும் தெரிஞ்சா நாகதோசம்பாக எங்க அத்தை. பெறந்த வீட்டுக்கு அனுப்பிருவாக. அனுப்புனா திரும்பக் கூப்பிட மாட்டாக. நீங்க யார்ட்டயும் சொல்லிறக் கூடாது."

"சொல்லமாட்டேன். ஆனா காலைத் தண்ணியில வைக்கக் கூடாது" என்றேன். தலையை ஆட்டினாள். மருந்து வைத்துக் கட்டி அனுப்பினேன். நோட்டில் எழுதிக்கொண்டேன், அவள் வீட்டுச் சுவரில் வட்டம் போடவில்லை.

பிறகு தண்ணீர்ச் சீசாக்களை எடுத்துக்கொண்டு நுண்நோக்கியில் பார்ப்பதற்காக ஒரு வாரம் மதுரைக்குப் போனேன். திரும்பி வந்தபோது கிழக்குத் துறையின் படிகள்மேல் உடைமுள்ளை வெட்டிக் குவித்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு காவற்காரர் கம்போடு உட்கார்ந்திருந்தார்.

நாட்டாமையிடம் ஓடினேன். கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. எனக்கு நாற்காலி போடச் சொல்லிவிட்டு, என்னைப் பாராட்டவே செய்தார்.

"நீங்க சொல்லித்தான எங்களுக்கே வெளங்குச்சு? கால் வழியாத்தான் சீக்குப் பரவுதுன்னீக. எந்த வீட்டுக் காலுன்னும் வட்டம் போட்டுக் காமிச்சீக. அதான் மழை விழுகிற வரைக்கும் அந்தத் தெரு ஊருணியில எறங்க வேண்டாம்னு நிப்பாட்டியாச்சு."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான்.

கிழக்குத் தெருப் பெண்கள் இரண்டு மைலுக்கு அப்பால் ஒரு கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் சுரண்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதுவும் கிடைக்காத நாளில் உப்புக் கிணறுதான். குற்ற உணர்ச்சி தாங்காமல் மறுநாள் விடிந்ததும் நானும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன். என் பக்கத்தில் சவரியம்மா வந்தாள். ஐம்பது வயதுக்காரி, காளவாசலில் கல் உடைப்பவள். கொஞ்ச தூரம் வந்ததும் கேட்டாள்.

"எதுக்கு டீச்சரம்மா கூட நடக்கீக? நீங்க நடந்தா முள்ளு வெலகிருமா? எம் மருமக மாசமா இருக்கா. உப்புத் தண்ணி குடிச்சுக் குடிச்சு மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"அது தெரியும். என்ன தப்புன்னு தெரியுமா உங்களுக்கு?" நின்று குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "எங்க வீட்ல அடுப்படி வரைக்கும் வந்து காலப் பாத்தீக. அங்க வாசல்லயே வாயக் கேட்டுட்டுத் திரும்பிட்டீக. எல்லாக் காலையும் பாத்திருந்தா எல்லாச் செவுத்துலயும் வட்டம் விழுந்திருக்கும்."

பல்கலைக்கழகத்தில் ஆய்வு முறை பற்றி ஒரு வருஷம் பாடம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

அதோடு அவள் விடவில்லை. "நாட்டாமை வீட்டு மருமக இருக்குல்ல, அந்தச் சின்னப் பிள்ளை வெள்ளன எந்திரிச்சு வந்து வடக்குத் துறையில காலத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கு. வேலைக்குப் போகையில நாங்க பாத்திருக்கோம். எரிச்சலு, பாவம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் ரகசியம் அந்தத் தெருவுக்கே தெரிந்திருந்தது. "பின்னே ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா முள்ளை எடுத்திருப்பாங்களே!" என்றேன்.

"சொன்னா எங்களுக்குத் தண்ணி வரும். அந்தப் பிள்ளை வாழ்க்கை போயிரும். அதையும் எங்க கையாலதான் செய்யணுமாக்கும்?" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டாள்.

அன்றே பேராசிரியருக்குத் தந்தி கொடுத்தேன். மூன்றாம் நாள் வண்டியில் வந்து இறங்கினார். சாயங்காலம் ஊருணிக் கரையில் ஊரைக் கூட்ட நாட்டாமையும் சம்மதித்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேராசிரியர், "வடக்குத் தெருவிலும் நோய் இருக்கிறதா, இல்லையா?" என்றார்.

"ஒரு பெண்ணுக்கு இருக்கிறது. விடிகாலையில் ஊருணியில் காலை நனைக்கிறாளாம்."

"யார்? நோட்டைக் கொடு."

"வாக்குக் கொடுத்திருக்கிறேன் சார். தரமுடியாது."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது. ஒருத்தியின் கூச்சம் அதைவிடப் பெரிதா? அதோடு, அவள் தினம் காலை நனைத்தால் அடுத்த வருஷம் ஊர் முழுக்கப் படுக்குமே. அதற்கும் உன் வாக்குதான் காரணமாக இருக்கும். நீ பெயர் சொல்ல வேண்டாம். வடக்குத் தெருவிலும் ஒரு வீட்டில் உண்டு என்று மட்டும் நான் கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

சொன்னால் அந்தச் சின்னத் தெருவில் ஒரு மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் முள் அப்படியே கிடக்கும். அவர் சொன்னது தவறு என்று எனக்கு இன்றுவரை நிரூபிக்கத் தெரியவில்லை. அந்த நிமிஷத்தில் தெரிந்ததெல்லாம், அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி முடிவு செய்ய எங்கள் இரண்டு பேருக்கும் உரிமை இல்லை என்பதுதான். "முதலில் வேறொன்று கேட்டுப் பாருங்கள். இரண்டு தெருவிலும் எல்லாக் காலையும் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். மற்றதைச் சாயங்காலம் பார்ப்போம்" என்றேன். அரைமனதோடு ஒப்புக்கொண்டார்.

நேரே நாட்டாமை வீட்டுக்குப் பின்கட்டு வழியாகப் போனேன். குருவம்மா தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். வட்டத்தால் வந்த வினை, சவரியம்மாவின் மருமகள், விடிகாலையில் அவள் நனைக்கிற காலால் என்ன ஆகும், பேராசிரியர் என்ன சொல்லப்போகிறார், எல்லாம். "நான் சொல்லமாட்டேன். ஆனால் உனக்குத் தெரியாமல் எதுவும் நடக்கக் கூடாது" என்றேன். கடைசியாக, "கிழக்குத் தெருவுக்கு உன்னைத் தெரியும் குருவம்மா. அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை" என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சுமா?" என்றாள். ஆமாம் என்றேன். மாட்டைத் தள்ளிக் கட்டினாள். பிறகு, "நீங்க போங்க, அத்தை வந்துருவாக" என்றாள்.

சாயங்காலம் கரையில் கூட்டம். வடக்குத் தெரு ஆண்கள் நிழலில், கிழக்குத் தெரு வெயிலில். பேராசிரியர் எழுந்து, எல்லோருடைய காலையும் பார்த்தால்தான் ஆராய்ச்சி சரியாகும் என்றார். சொன்னதோடு நிற்காமல் தன் பூட்ஸையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். வெளுத்த பாதம், அதில் ஒரு பெரிய கால் ஆணி. கிழக்குத் தெருவில் யாரோ சிரித்தார்கள். நாட்டாமை சிரிக்கவில்லை.

"நான் காட்டுறேன், என் மகன் காட்டுவான். எங்க வீட்டுப் பொம்பளைக காலைத் தொறந்து காட்டணும்னா அது நடக்காது. எங்க தெருவுல இல்லைன்னா இல்லதான்."

பேராசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் நோட்டை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை அசைத்தேன். வேலை போய்விடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நான் செய்வது சரிதானா என்பதுதான் தெரியவில்லை. எதிரே சவரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அப்போது வடக்குத் தெருவிலிருந்து குருவம்மா வந்தாள். இடுப்பில் வெறுங்குடம். மறைக்காமல் நொண்டிக்கொண்டே வந்தாள். ஆண்கள் கூட்டத்தைத் தாண்டி வடக்குத் துறையின் மேல்படியில் போய் நின்றாள். கீழே இறங்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கால் கட்டு எல்லோருக்கும் தெரியும்படி நின்றுகொண்டு, கிழக்குத் தெருப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"சவரியம்மாக்கா! எனக்குச் செலந்தி வந்திருக்கு. எங்காலு தண்ணியில படக்கூடாதாம். எனக்கு ஒரு கொடம் மோந்து குடுக்கீகளா?"

வடக்குத் தெருவில் எந்தப் பெண்ணும் சவரியம்மாவை அக்கா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் கையால் தண்ணீர் வாங்கினவர்களும் இல்லை. சவரியம்மா எழுந்தாள். அவள் துறை முள்ளில் அடைத்துக் கிடந்தது. அதனால் ஊர் பார்த்திருக்க, வடக்குத் துறைப் படிகளில் இறங்கினாள். காவற்காரர் கம்பை எடுத்துக்கொண்டு நாட்டாமை முகத்தைப் பார்த்தார். நாட்டாமை மருமகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரியம்மா குடத்தை மோந்து, மேலே கொண்டுவந்து, குருவம்மாவின் இடுப்பில் வைத்தாள். குருவம்மா அந்தக் குடத்தோடு நாட்டாமை வீட்டுக்குள் போனாள்.

நாட்டாமை எழுந்து, யாரையும் பார்க்காமல், "முள்ளை எடுத்துப் போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வேலை போகவில்லை. மூன்று கோடை அந்த ஊரில் இருந்தேன். வட்டங்களை அழிப்பதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன். இரண்டு வீட்டில், "இருக்கட்டும், நாங்களே வெள்ளையடிச்சுக்கிடுவோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொப்புளம் உள்ளவர் மேல்படியில் நின்று கேட்க வேண்டும், கீழே இருப்பவர் எந்தத் தெரு என்று பாராமல் மோந்து கொடுக்க வேண்டும் என்று பெண்களே ஒரு ஏற்பாடு செய்தார்கள். வடக்குத் தெருவின் சில பெரிய மனுஷிகள் கடைசிவரை அதற்கு உடன்படவில்லை, அதையும் சொல்லவேண்டும். துணியில் வடிகட்டும் பழக்கமும் வந்தது. பேராசிரியர் தம் அறிக்கையில் இதை "நாங்கள் அறிமுகப்படுத்திய முறை" என்று எழுதியிருந்தார். அறிக்கையை ஊருணிக் கரையில் வாசித்துக்காட்டாமல் அனுப்பக்கூடாது என்று நான் அடம்பிடித்தேன். வாசித்தபோது சவரியம்மா, "நாங்க செஞ்சத இவுக செஞ்சதா எழுதியிருக்காகளே, இவுக எப்ப வந்து தண்ணி மோந்தாக?" என்று கேட்டாள். பேராசிரியர் அங்கேயே பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இதோடு முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் குருவம்மா என்ன ஆனாள் என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காதவர் இந்த வேலைக்கு வரக்கூடாது. கூட்டம் நடந்த வாரமே அவளைப் பரளச்சிக்கு, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பயந்தது அப்படியே நடந்தது. அருப்புக்கோட்டையில் பஞ்சு வியாபாரத்தில் இருந்த அவள் கணவன் ஆறு மாதம் கழித்து வந்து, டவுனிலேயே தனிக்குடித்தனம் வைத்தான். ஆனால் நான் அவளைப் பார்க்கப் போனது அதற்கு ரொம்ப முன்னால், அவன் வருவானா மாட்டானா என்று யாருக்கும் தெரியாத நாட்களில்.

வேப்பமரத்தடியில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புழு முக்கால்வாசி வந்துவிட்டது. மெலிந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, ஒரு நல்ல வார்த்தை வாங்கிக்கொண்டு போகவேண்டும் போலிருந்தது. "குருவம்மா, நான் யாரிடமும் சொல்லவில்லை" என்றேன்.

"நீங்க சொல்லல டீச்சரம்மா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "என்னையச் சொல்ல வச்சீக. அது பரவால்ல, சொன்னதுக்கு நான் வருத்தப்படல. ஆனா சொல்லாம காப்பாத்தினேன்னு மட்டும் எங்கயும் பேசிக்கிட்டுத் திரியாதீக."

கட்டை அவிழ்த்தேன். குச்சியை ஒரு சுற்றுச் சுற்றி, புண்ணைத் துடைத்து, புதுத் துணி கட்டினேன். முடிக்கிறவரை அவள் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.